நைலான் வாரின் முனை: கத்தரியும் லைட்டருமா, சூட்டுக்கத்தியா?

முக்குளிப்புக்கு, காற்று உருளையை முதுகில் தாங்கும் தகட்டில் ஒரே நீள வாரைக் கோத்துக்கொள்வதுதான் என் விருப்பம். ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் முக்குளித்த வில்லியம் ஹோகார்த் மெயினின் பெயரால் ஹோகார்த்தியன் என்று வழங்கும் முறை அது. இரண்டு அங்குல அகலமுள்ள நைலான் பட்டை இடுப்பில் தொடங்கித் தோளேறி, தகட்டின் பின்னால் புகுந்து, மறுதோள் வழியே இடுப்புக்கே திரும்பும். தையல் இல்லை, வெட்டுவதற்கு இரண்டு முனைகள், தொடையிடை வாரைச் சேர்த்தால் இன்னும் ஒன்றிரண்டு. வெட்டிய நைலான் முனையில் இழை பிரியாதிருக்க அதைச் சூட்டால் உருக்கி மூட வேண்டும். இந்தச் சில முனைகளுக்காக என்ன கருவி வாங்குவது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன், வாங்கிய பட்டை நைலான்தானா என்று பார்த்துவிடுங்கள். ஒரு துண்டை நீருக்குள் வைத்துக் கசக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு விடுங்கள். நைலான் மூழ்கும், பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். நைலான் 6,6 ஏறக்குறைய 260 டிகிரி செல்சியஸில் உருகும். பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். நைலானுக்குப் பழகிய கையோடு அதைச் சுட்டால் முனை சுருண்டு வழிந்துவிடும்.

மின்சாரத்தில் சூடாகும் சூட்டுக்கத்தி வெட்டும்போதே விளிம்பை மூடிவிடுகிறது. கோடு நேராக வரும், இழை பிரியாது. ஆனால் வாருக்கான பட்டை தடிமனானது. கத்தியை மெதுவாக இழுத்தால் இருபுறமும் தடித்த உதடு எழும்பும்; வேகமாக இழுத்தால் நடுவில் இழைகள் மூடாமல் நிற்கும். சரியான வேகம் கைக்கு வரப் பல துண்டுகள் வீணாகும். தினமும் வார் வெட்டும் கடைக்கு அது தேவை. நான்கு முனைக்காக அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய கத்தியை அடுப்பில் காய்ச்சி வெட்டுவதையோ நான் பரிந்துரைக்கவே மாட்டேன்: பாதி வழியில் சூடு ஆறி, கத்தி இழைகளை இழுக்கத் தொடங்கிவிடும்.

கூரான கத்தரிக்கோலும் லைட்டரும் போதும் என்பதே என் முடிவு. வெள்ளைப் பென்சிலால் சாய்வாகக் கோடு போட்டு ஒரே மூச்சில் வெட்டுங்கள். சாய்ந்த முனை பக்கிளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழையும். கையுறையோடு நீருக்கடியில் கோக்கும்போது இதன் அருமை தெரியும். சாய்வின் கூர்நுனியை மட்டும் சற்று வளைத்து நறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் உருகியபின் அது முள்ளாகும். சுடரின் அடியிலுள்ள நீலப் பகுதியை விளிம்புக்குப் பக்கவாட்டில் பிடித்து நகர்த்திக்கொண்டே இருங்கள். மஞ்சள் நுனி பட்டால் கரி படியும். இழைநுனிகள் பளபளத்து ஒன்றோடொன்று சேர்ந்ததும் நெருப்பை எடுத்துவிட்டு, முனையை ஓடு ஒன்றின்மேல் வைத்து ஈரமான எஃகுக் கரண்டியின் முதுகால் அழுத்துங்கள். விரலால் அழுத்தவே கூடாது. உருகிய நைலான் கொதிக்கும் வெல்லப்பாகுபோல் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

அந்த அழுத்தலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என் முதல் வாரில் நானும் விட்டேன். குளிர்ந்தபின் விளிம்பில் கண்ணாடிபோல் ஒரு வரப்பு நின்றது. பக்கிளைக் கழற்றும்போதெல்லாம் அது கட்டைவிரலைக் கீறியது. கடல்நீரில் ஊறிய தோல் எளிதில் கிழிந்துவிடும். வாரை நழுவாமல் பிடிக்கும் ட்ரைகிளைடு வில்லையின் பிளவிலும் அந்த முனை நுழைய மறுத்தது. எனவே எந்த முறையில் வெட்டினாலும் சோதனை ஒன்றுதான்: முனை வில்லைக்குள் தடையின்றிப் போக வேண்டும், மணிக்கட்டின் உட்புறத்தில் தேய்த்தால் கீறக் கூடாது.

சால்டரிங் அயர்ன் நீள வெட்டுக்கு உதவாது. அதன் உருண்டை முனை பட்டையை உழுதுவிடும். கத்தியுறையைப் போல்ட்டால் பிணைக்கத் துளையிட வேண்டுமென்றால் அதற்கு ஈடில்லை, துளையின் விளிம்பும் கூடவே மூடிக்கொள்ளும். ஆனால் எந்தத் துளையும் பட்டையின் வலுவைக் குறைக்கும். ஆகவே தோள்பகுதியில் துளையிடாதீர்கள், இடுப்பு வாரின் தொங்கும் நுனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியானாலும் முதல் நாளே அளவுக்கு வெட்டிவிடாதீர்கள். நைலான் நீரை உறிஞ்சி நனையும்போது சற்றே நீளும். முனையைத் தற்காலிகமாகச் சுட்டு, ஒரு முழம் கூடுதலாக விட்டு, நான்கைந்து முறை கடலில் இறங்குங்கள். வார் ஈரமாக இருக்கும்போதே, முக்குளிப்பு உடையோடு, பக்கிளைத் தாண்டி ஒரு சாண் விட்டுக் கோடு போடுங்கள். வெட்டுவதையும் சுடுவதையும் நன்றாக உலர்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.