ஒரு மொனிட்டர், மூன்று கணினி: கேவிஎம் ஸ்விட்சா, யூஎஸ்பி ஸ்விட்சா?

வெள்ளவத்தையில் எங்கள் அனெக்ஸில் மேசை போட இடம் ஒன்றுதான், ஜன்னலோரம். அதில் என் டெஸ்க்டொப், வேலைத்தலத்தில் தந்த லப்டொப், அப்புறம் லினக்ஸ் போட்ட பழைய சிபியூ ஒன்று. மொனிட்டர், கீபோர்ட், மவுஸ் எல்லாம் ஒவ்வொன்றுதான். தினமும் வயரைக் கழற்றி மாட்டி, லப்டொப்பின் எச்டிஎம்ஐ துளை ஆட்டம் கண்ட பிறகுதான் மாற்று வழி தேட இறங்கினேன்.

மென்பொருள் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசொஃப்டின் மவுஸ் வித்தவுட் போர்டர்ஸ் இலவசம். 4 விண்டோஸ் கணினிகள் வரை ஒரே கீபோர்ட், மவுஸில் ஓட்டலாம். லினக்ஸும் மேக்கும் இருந்தால் இன்புட் லீப். ஆனால் இவை திரையைப் பகிராது. ஒவ்வொரு கணினிக்கும் தனித் திரை வேண்டும். கணினி தொடங்கும்போதே, விண்டோஸ் வருமுன் திறக்கும் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போகவும் உதவாது. வேலைத்தல லப்டொப்பில் எதையும் இன்ஸ்டோல் பண்ண விடமாட்டார்கள் என்பதால் எனக்கு இது அதோடு முடிந்தது.

கேவிஎம் (கீபோர்ட், வீடியோ, மவுஸ்) ஸ்விட்ச் அப்படியல்ல. அது வெறும் பெட்டி. எந்த ஒபரேட்டிங் சிஸ்டம் என்று கேட்காது, பயோஸிலும் வேலை செய்யும். பட்டனை அழுத்தினால், அல்லது பல மாடல்களில் ஸ்க்ரோல் லொக்கை இரண்டு தரம் தட்டினால், திரையும் கீபோர்டும் மவுஸும் சேர்ந்தே மாறும். சிக்கல் மலிவான பெட்டிகளில்தான். நான் முதலில் வாங்கியது அப்படியொன்று. டெஸ்க்டொப்புக்குப் போய்விட்டு லப்டொப்புக்குத் திரும்பினால், பெரிய திரையில் விரித்து வைத்திருந்த விண்டோ எல்லாம் லப்டொப்பின் சின்னத் திரையில் குவிந்து கிடக்கும். காரணம் ஈடிட். மொனிட்டர் தன் அளவையும் ரெசொலூஷனையும் கணினிக்குச் சொல்லும் தகவல் அது. மலிவான பெட்டி பக்கம் மாறியதும் அந்தத் தொடர்பைத் துண்டித்துவிடும். மொனிட்டரைக் கழற்றிவிட்டார்கள் என்று கணினி நினைத்துக்கொள்ளும். ஈடிட் எமுலேஷன் உள்ள பெட்டி, மொனிட்டர் இன்னும் இருப்பதுபோலவே காட்டிக்கொண்டிருக்கும். விலை கூட, ஆனால் அந்தக் காசு இதற்குத்தான்.

பெட்டியில் 4கே என்று போட்டிருந்தால் பக்கத்தில் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை தரம் படம் புதுப்பிக்கப்படும், என்றும் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கேயில் 30தான். மவுஸ் அம்பு இழுபட்டு இழுபட்டு வரும், கண் வலிக்கும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2.

மூன்றாவது வழி, நான் இன்று பாவிப்பது. மொனிட்டரின் பின்னால் ஏற்கெனவே இரண்டு எச்டிஎம்ஐயும் ஒரு டிஸ்ப்ளேபோர்ட்டும் இருக்கின்றன. மூன்று கணினிகளையும் நேரடியாக அவற்றில் மாட்டிவிட்டேன். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டும் ஒரு யூஎஸ்பி ஸ்விட்ச். படம் பெட்டி வழியே போகாததால் தெளிவும் ஹெர்ட்ஸும் குறைவதில்லை. என் மொனிட்டர் இன்புட் மாறினாலும் மற்ற எச்டிஎம்ஐ இணைப்பைத் துண்டிப்பதில்லை, விண்டோக்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எல்லா மொனிட்டரும் இப்படியில்லை, டிஸ்ப்ளேபோர்ட்டில் இந்தத் தொல்லை கூடுதல். குறை ஒன்றுதான்: அழுத்த வேண்டியது இரண்டு இடம், யூஎஸ்பி ஸ்விட்சில் ஒன்று, மொனிட்டரில் ஒன்று.

இரண்டு மூன்று கணினி, ஒரே மொனிட்டர் என்றால் யூஎஸ்பி ஸ்விட்சே போதும் என்பேன். மொனிட்டர் இரண்டாகிவிட்டால், அல்லது நாளுக்கு ஐம்பது தடவை மாற வேண்டியிருந்தால், ஈடிட் எமுலேஷன் உள்ள கேவிஎம்முக்கே செலவழியுங்கள். இரண்டுக்கும் இடையில் கிடக்கும் மலிவுப் பெட்டி வேண்டாம். கடலோரம் இருப்பவர்கள் பாவிக்காத துளைகளுக்கு மூடி போட்டு வையுங்கள். உப்புக்காற்றில் பிளக் சீக்கிரம் கறுத்துவிடும்.

வாங்க பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளுக்குப் போனால் லப்டொப்பையும் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே மாட்டச் சொல்லி, பெரிய திரையில் இரண்டு விண்டோவைத் திறந்து வைத்து, அடுத்த கணினிக்கு மாறிவிட்டுத் திரும்பி வாருங்கள். அவை வைத்த இடத்திலேயே இருந்தால் காசைக் கொடுக்கலாம்.