ஓவுலேஷன் ஸ்ட்ரிப்போட 14 மாசம்: ரெண்டாவது கோடு அழுத்தமா இருக்கா இல்லையா?

கூட வேலை பாக்குற பொண்ணு நேத்து மெசேஜ் போட்டிருந்தா, "அக்கா, நீங்க அந்த ஓவுலேஷன் ஸ்ட்ரிப் யூஸ் பண்ணீங்கல்ல, வாங்கலாமா வேணாமா"ன்னு. முட்டை எப்போ வெடிக்கும், அதாவது சினைப்பையிலேருந்து எப்போ வெளிய வரும்னு யூரின்ல பாக்கற அட்டைத் துண்டுதான் அது. ஒத்தை வரியில பதில் சொல்லிடலாம்னுதான் உக்காந்தேன், முடியல. 14 மாசத்துக் கடுப்பு உள்ள இருக்கு, அதான் இங்க கொட்டுறேன்.

எப்படி முக்கணும், எத்தனை நிமிஷம் வைக்கணும்லாம் பாக்கெட்லயே போட்டிருக்கும், அதுக்குள்ள போகல. என் சண்டை ஃபுல்லா அந்த டெஸ்ட் கோட்டோடதான். பிரெக்னன்சி கிட்ல லேசா கோடு விழுந்தாலே பாசிட்டிவ்னு எடுத்துக்குவோம்ல, அதே பழக்கத்துல இதையும் பாத்துட்டேன். எல்ஹெச்ங்கறது முட்டை வெடிக்கறதுக்கு முன்னாடி எகிறுற ஹார்மோன், அதைத்தான் ஸ்ட்ரிப் பாக்குது. அது உடம்புல எப்பவுமே கொஞ்சம் இருந்துட்டேதான் இருக்கும், அதனால லேசான கோடு எந்த நாள்ல வேணா வரும், அது நெகட்டிவ். பக்கத்துல எப்பவும் விழுற கன்ட்ரோல் கோடு அளவுக்கோ அதைவிடவோ அழுத்தமா இருந்தாத்தான் கணக்கு. முதல் மாசம், பீரியட்ஸ் ஆரம்பிச்சதுலேருந்து எண்ணி 11ஆம் நாளே லேசா ஒரு கோட்டைப் பாத்துட்டு வந்துருச்சு வந்துருச்சுன்னு குதிச்சேன். என்ன வந்துச்சு, ஒண்ணும் வரல.

சரி, அளவுக்கு அழுத்தம்னா எவ்ளோ அழுத்தம்? இதுக்குத்தான் யாருகிட்டயும் பதில் இல்ல. பாத்ரூம் லைட்ல பாத்தா ஒரு மாதிரி தெரியும், ஜன்னல்கிட்ட கொண்டு போனா வேற மாதிரி தெரியும். "ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன், ரெண்டும் ஒண்ணுபோல இருக்கா"ன்னு இவரைக் கூப்பிட்டா, போன் டார்ச்சை அடிச்சு, கண்ணாடியைக் கழட்டி மறுபடி மாட்டி, ரொம்ப யோசிச்சு, "ரெண்டுமே ரோஸாத்தான் இருக்கு"ம்பார். எது அழுத்தம்னு கேட்டா, "நீ எதைச் சொல்றியோ அதுதான்"னு நழுவிடுவார். நோட்டுல தேதி போட்டு டேப் ஒட்டி வரிசையா வச்சேன், அதுவும் தப்பு. காஞ்சதும் கோடு கொஞ்சம் மாறிடுது, பத்து நிமிஷத்துக்கு மேல ஆனா பாக்காதன்னு அவங்களே எழுதியிருக்காங்க, நான் நேத்து காஞ்சதை வச்சு இன்னைக்கு ஈரமா இருக்கறதை அளந்துட்டிருந்தேன்.

இன்னொரு தப்பு, காலையில எழுந்ததும் முதல் யூரின்ல பாக்கறது. எல்ஹெச் பெரும்பாலும் விடியக்காலையில ரத்தத்துல ஏற ஆரம்பிக்கும், யூரினுக்கு வர சில மணி நேரம் ஆகும். மதியம் ரெண்டு மணிக்கு மேல, அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் தண்ணி அதிகம் குடிக்காம பாத்த பிறகுதான் எனக்குக் கோடு ஒழுங்கா மாட்டுச்சு. ஆபீஸ் பாத்ரூம்ல சின்ன கப்பை ஒளிச்சு வச்சு எடுத்துட்டுப் போன கூத்தெல்லாம் தனிக்கதை.

ஆனா நியாயத்தைச் சொல்லணும்ல. என் சைக்கிள் 34 நாள். பீரியட்ஸ் ஆப்ல 28ன்னு போட்டு அப்படியே விட்டது என் தப்பு, அது பாட்டுக்கு 14ஆம் நாள்ல பூ போட்டுக் காட்டிட்டே இருந்துச்சு. நானும் 15ஆம் நாளோட டெஸ்ட்டை நிறுத்திடுவேன். மூணு மாசம் எல்லாமே நெகட்டிவ். 21ஆம் நாள் ரத்தத்துல புரோஜெஸ்டிரோன் (முட்டை வெடிச்ச பிறகு ஏறுற ஹார்மோன்) பாத்தா 0.6. எனக்கு முட்டையே வெடிக்கலைன்னு அன்னிக்கு ராத்திரி அழுத அழுகை... டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பாத்துட்டு ரொம்ப சாதாரணமா, "21ங்கறது 28 நாள் சைக்கிள்காரங்களுக்கும்மா, உனக்கு அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி பாக்கணும்"னாங்க. அடுத்த மாசம் ஸ்ட்ரிப்பை நிறுத்தாம போட்டுட்டே போனேன், 19ஆம் நாள் சாயங்காலம் கோடு விழுந்துச்சு பாருங்க, டார்ச்சே வேணாம், கன்ட்ரோல் கோட்டைத் தூக்கிச் சாப்பிட்டுருச்சு. 27ஆம் நாள் ரத்தம் குடுத்தா 11. மூணு நானோகிராமுக்கு மேல இருந்தாலே முட்டை வெடிச்சிருக்குன்னு எடுத்துக்குவாங்களாம். அந்த ஒரு சாயங்காலத்துக்காக அந்த அட்டைத் துண்டுக்குக் கோயில் கட்டலாம்.

(நடுவுல தைராய்டு, ப்ரோலாக்டின்னு வேற ஹார்மோன் டெஸ்ட்லாம் எழுதிக் குடுத்தாங்க. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போட்டுட்டிருந்தேன், அது சில ஹார்மோன் ரிசல்ட்டையே தப்பாக் காட்டும்னு எனக்குத் தெரியவே தெரியாது. போடறவங்க ரத்தம் குடுக்கும் முன்னாடியே சொல்லிடுங்க.)

அப்புறம் எதுக்கு இவ்ளோ கடுப்புன்னா, கோடு வரட்டும் வரட்டும்னு காத்திருந்ததுலயே நல்ல நாள் எல்லாம் போச்சு. 221 பெண்களை வச்சு 1995ல வந்த ஒரு ஆய்வு இருக்கு, கரு தங்க வாய்ப்பு இருக்கறது ஆறே நாள், அதுல கடைசி நாள்தான் முட்டை வெடிக்கிற நாள். விந்தணு அஞ்சு நாள் வரைக்கும் தாங்கும், முட்டை ஒரு நாள்கூட முழுசாத் தாங்காது. எல்ஹெச் ஏறி 24லேருந்து 36 மணி நேரத்துல முட்டை வெடிச்சிடும். அப்போ இந்தக் கோடு வந்து கதவைத் தட்டும்போது ஆறுல மூணு நாலு நாள் ஏற்கனவே போயிருச்சு! நாங்க என்னடான்னா கோடு வர்ற வரைக்கும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துட்டு, வந்த அன்னிக்கு பரீட்சைக்குப் போற மாதிரி... வேணாம் விடுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்து இருந்தாலே போதும்னு டாக்டரம்மா சொன்னதை முதல்லயே கேட்டிருந்தா இந்தக் கூத்தே இல்ல. வெள்ளைப்படுறது முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுன்னு இழுத்தா நீளமா வர்ற நாள்கள் இருக்கே, எனக்கு அது கோட்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே தெரிஞ்சிடும்.

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனை) இருக்கறவங்க இதை நம்பி உக்காராதீங்க, சிலருக்கு எல்ஹெச் எப்பவுமே தூக்கலா இருக்கும், கோடு வாரக்கணக்குல ஏமாத்தும். இன்னொண்ணும் இருக்கு, எல்ஹெச் ஏறினாலும் முட்டை வெடிச்சே ஆகணும்னு இல்ல, அது ஸ்கேன்லயும் புரோஜெஸ்டிரோன்லயும்தான் தெரியும்.

அதனால அந்தப் பொண்ணுக்கு "வாங்காத, நிம்மதியா இரு"ன்னு அனுப்பிட்டேன். உடனே, "அப்போ உங்ககிட்ட மிச்சம் இருக்கறதை எனக்குக் குடுத்துடுங்கக்கா"ன்னா. அலமாரியைத் திறந்து எண்ணிப் பாத்தேன், ஒன்பது இருக்கு. இன்னைக்கு எனக்கு 17ஆம் நாள். இன்னும் பதில் போடல.