மூக்கில் நிற்காத கண்ணாடி: கைக்குழந்தையோடு ஊரில் ஐந்து வாரம்

மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். ஊருக்குக் கிளம்பும்போது அவளுடைய கண்ணாடி முகத்தில் இல்லை, என் கைப்பையில்தான் இருந்தது. வாங்கி ஆறு வாரமாகியிருந்தது. ஒரு நாளில் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் போட்டிருந்தால் அதிகம். மாட்டியதும் நழுவி மூக்கு நுனிக்கு வரும், அங்கிருந்து வாய்க்கு வரும், அவள் அதைக் கடிக்க ஆரம்பித்துவிடுவாள். ஊரில் இருந்த ஐந்து வாரத்தில் அது சரியாகிவிட்டது. விடுமுறைக்குக் கைக்குழந்தையோடு ஊருக்கு வருகிற யாருக்காவது பயன்படும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

ஆறு மாதத்தில் அவள் வலது கண் மூக்குப் பக்கமாகத் திரும்புவதைக் கவனித்தோம். விளையாட்டுப் பொருளைக் கிட்டத்தில் பார்க்கும்போது நன்றாகத் தெரியும். கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு இரண்டு கண்ணிலும் +6.50 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) என்றார். பிறந்த குழந்தைகளுக்குப் பொதுவாகவே +2 அளவில் தூரப்பார்வை இருக்கும், முதல் வருடத்தில் அது மெல்லக் குறையும். இவளுக்கு அதைவிட மிக அதிகம். இவ்வளவு பிளஸ் பவர் இருக்கிற குழந்தை, பார்ப்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கண்ணுக்குள் இருக்கிற லென்ஸை ஓயாமல் முறுக்கிக்கொண்டே இருக்கும். அப்படி முறுக்கும்போது கண்கள் தானாக உள்பக்கம் திரும்பும். இந்தத் தொடர்பை டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் 1864லேயே விளக்கிவிட்டார். அந்த வேலையைக் கண்ணாடி செய்துவிட்டால் கண் முறுக்க வேண்டியதில்லை, நேராக நிற்கும். அதனால் விழித்திருக்கும் நேரம் முழுக்கப் போட வேண்டும் என்றார்கள். போடாவிட்டால் திரும்புகிற கண்ணை மூளை கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிவிடும், அதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். ஒரு மணி நேரம்கூட நிற்காத கண்ணாடியைக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும்!

ஊரில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "எழுத்துப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு எப்படிப் பவர் பார்த்தார்கள்?" கேட்டவர்கள் சந்தேகத்தோடுதான் கேட்டார்கள், நானும் முதலில் அப்படித்தான் இருந்தேன். குழந்தை எதுவும் சொல்லத் தேவையில்லை. ஒரு சின்ன விளக்கின் ஒளிக்கோட்டைக் கண்மணியின் மேல் அசைப்பார்கள். உள்ளேயிருந்து திரும்பி வருகிற சிவந்த ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பார்கள். கண்ணுக்கு முன் லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள், எந்த லென்ஸில் அந்த அசைவு நின்றுபோகிறதோ அதை வைத்துப் பவரைக் கணக்கிடுவார்கள். இந்த முறைக்கு பிரெஞ்சு ராணுவ மருத்துவர் கூயினே 1873ல் அடித்தளம் போட்டார். சொட்டு மருந்து விடுவது, அந்த நேரம் கண் முறுக்கிக்கொண்டு கணக்கை ஏமாற்றாமல் இருக்க. மருந்து வேகம் போகும் வரை வெளிச்சம் கூசும், குழந்தை சிணுங்கும், பெரும்பாலும் அவ்வளவுதான்.

போன மூன்றாம் நாளே ஒரு கண் மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்டோம். பழைய சீட்டைக் காட்டாமல் முதலில் அவர்களையே பார்க்கச் சொன்னேன். மறுபடியும் அதே +6.50. பவர் தப்பாக இருக்குமோ, அதனால்தான் பிடித்து இழுக்கிறாளோ என்று வாரக்கணக்கில் அரித்துக்கொண்டிருந்த எண்ணம் அங்கேயே போனது. அதற்கப்புறம் அந்த டாக்டரம்மா செய்த ஒரு காரியத்தை நான் மறக்க மாட்டேன். கண்ணாடியை மாட்டச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவள் கண்ணாடி வழியாகப் பார்க்கவே இல்லையம்மா. ஃப்ரேமுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். கண்ணாடி இவள் முகத்தில் இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் இல்லை" என்றார்.

ஆறு வாரமாக நான் பார்க்கத் தவறியது அது.

அடுத்து நடந்தது வருத்தமான விஷயம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் "நழுவுகிறதா, இப்போதே சரிசெய்து தருகிறேன்" என்று இரண்டு கம்பிகளிலும் எலாஸ்டிக் நாடாவைக் கோத்து, தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். நழுவவில்லை. ஆனால் மாலைக்குள் மூக்கின் இரு பக்கமும் சிவந்து, கழற்றி வெகு நேரமாகியும் தடம் மறையவில்லை. கண்ணிமை முடிகள் லென்ஸில் உரசி லென்ஸ் முழுக்க எண்ணெய்க் கோடு. அதற்கப்புறம் கண்ணாடியைக் கையில் எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த இரண்டு நாளுக்காக அவளிடம் எனக்கு இன்றும் குற்ற உணர்ச்சி உண்டு. நாடா கட்டுவதே தவறு என்று சொல்லவில்லை. அளவு பொருந்தாத ஃப்ரேமை நாடாவால் இறுக்கி நிறுத்த முடியாது. பொருந்துகிற ஃப்ரேமை அந்த இடத்திலேயே வைத்திருக்க மட்டும்தான் நாடா உதவும்.

பிறகு மருத்துவமனையிலேயே விசாரித்து, குழந்தைகளுக்குக் கண்ணாடி பொருத்திப் பழகிய ஒரு பெரியவரிடம் போனோம். அவர் அலமாரியைத் திறக்கவே இல்லை. பாப்பாவை என் மடியில் உட்கார வைத்துப் பார்த்தார், மல்லாக்கப் படுக்க வைத்துப் பார்த்தார், தரையில் தவழ விட்டுப் பார்த்தார். "பெரியவர்களுக்கு உட்கார வைத்து அளவெடுத்தால் போதும் அம்மா. இவர்கள் நாளில் பாதி நேரம் படுத்தும் குப்புறவும்தானே இருக்கிறார்கள்" என்றார்.

அன்று அவர் சொல்லச் சொல்லத்தான் குழந்தையின் முகத்தையே நான் புதிதாகப் பார்த்தேன். கண்ணாடி உட்கார நமக்கு மூக்குத் தண்டு இருக்கிறது. கைக்குழந்தைக்கு அந்த இடம் தட்டையாக, அகலமாக இருக்கும். பிடிமானமே கிடையாது. கன்னம் உப்பலாக இருப்பதால் சிரிக்கும்போதெல்லாம் ஃப்ரேமை மேலே தள்ளும். காது மடல் இளசு, கம்பியின் கனத்துக்கு மடங்கிவிடும். பெரியவர்களின் ஃப்ரேமையே சிறிதாக்கிச் செய்தவை இதனால்தான் நிற்பதில்லை. அவற்றின் மூக்குப் பகுதி உயரமான மூக்குக்கு வடிவமைத்தது. நாங்கள் முதலில் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்றுதான்.

அவர் எடுத்த அளவில் முக்கியமானது இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம்: 44 மில்லிமீட்டர். எங்கள் பழைய கண்ணாடியைப் பவர் பார்க்கும் கருவியில் வைத்து, லென்ஸ்களின் நடுப்புள்ளிகளை மையால் குறித்து, அவற்றின் இடைவெளியை அளந்து காட்டினார். 50 இருந்தது. அதாவது ஒவ்வொரு கண்ணுக்கும் 3 மில்லிமீட்டர் விலகல். பவர் குறைவாக இருந்தால் இது பெரிதில்லை. 6.50 பவரில் 3 மில்லிமீட்டர் விலகினால் லென்ஸ் ஒரு முப்பட்டகம் போலவும் வேலை செய்யும், ஒளியை வளைக்கிற அந்த அளவு ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய 2 பிரிசம் டயாப்டர். அதுவும் கண்ணை இன்னும் உள்ளே திருப்பச் சொல்கிற திசையில். உள்ளே திரும்பாமல் இருக்கத்தானே கண்ணாடியே போடுகிறோம்! கீழே நழுவினாலும் இதே கதைதான். பிளஸ் லென்ஸ் கண்ணை விட்டு முன்னால் போகப் போகக் கண்ணுக்குக் கிடைக்கிற பவர் கூடும். இவள் பவருக்கு 8 மில்லிமீட்டர் நழுவினால் கிட்டத்தட்ட 0.4 டயாப்டர் மாறிவிடும். பவர் சீட்டை மட்டும் சரியாக வைத்துக்கொண்டு மற்றதைக் கடை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தது எங்கள் தவறு. குழந்தைக்கு அந்த மற்றதும் வைத்தியம்தான்.

புது ஃப்ரேமின் லென்ஸ் அகலம் 32, மூக்கு இடைவெளி 12. இரண்டையும் கூட்டினால் 44, அவள் கண்மணி தூரமே. கண் லென்ஸின் நடுவில் வந்து நிற்கும். ஃப்ரேம் சின்னதாக இருப்பதால் பிளஸ் லென்ஸின் நடுத் தடிமனும் குறைந்தது, கனமும் குறைந்தது. உலோகத் திருகு எதுவும் இல்லாத, ரப்பர் போல வளைகிற ஒரே வார்ப்பு. மூக்குப் பகுதி தாழ்வாக, அகலமாக, தட்டையான மூக்கில் பரவி உட்காரும்படி இருந்தது. லென்ஸ் பாலிகார்பனேட். அடிபட்டால் எளிதில் உடையாது, புற ஊதாக் கதிரையும் தடுக்கும். ஆனால் சீக்கிரம் கீறல் விழும், அதனால் மேல் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் அலசாமல் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள்.

காதுப் பக்கம் என்ன செய்வது என்பதில் அவரோடு வெகு நேரம் பேசினோம். காதைச் சுற்றி வளைகிற கம்பி நடக்கிற குழந்தைகளுக்கு நன்றாக நிற்கும். நீளம் சரியாக இல்லாவிட்டால் காதின் பின்புறத்தை அறுக்கும், அல்லது காதை முன்னால் இழுக்கும். இன்னும் நிறைய நேரம் படுத்தே இருக்கிற குழந்தைக்கு நேரான கம்பியும் மென்மையான நாடாவும்தான் நல்லது என்றார். கம்பி காதைத் தாண்டி நீளக் கூடாது. நீண்டால் தலையைத் தரையில் சாய்க்கும்போது கம்பி நுனி இடித்து ஃப்ரேம் முன்னால் தள்ளப்படும். எங்கள் பழைய கண்ணாடி படுக்கும்போதெல்லாம் ஏன் எகிறியது என்று அப்போது புரிந்தது. நாடாவுக்கும் தலைக்கும் நடுவே என் சுண்டு விரல் தாராளமாகப் போகும் அளவுக்குத்தான் வைத்தார்.

கண்ணாடி வந்த அன்று கருவியில் வைத்துப் பவரும் நடுப்புள்ளியும் எங்கள் கண் முன்னாலேயே சரிபார்த்தார். வெளிநாட்டிலோ ஊரிலோ, எங்கே வாங்கினாலும் இதைக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. பிறகு மாட்டிவிட்டு அரை மணி நேரம் அங்கேயே விளையாடச் சொன்னார். கழற்றியதும் மூக்கையும் காதின் பின்புறத்தையும் பார்த்தார். இளஞ்சிவப்பு இருந்தால் பரவாயில்லை, கொஞ்ச நேரத்தில் மறைய வேண்டும் என்றார். மறைந்தது. இடது கம்பியை மட்டும் லேசாகச் சூடு காட்டி விரித்தார். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வரச் சொன்னார், இரண்டு முறையும் ஏதோ ஒரு சின்ன திருத்தம் இருந்தது. இதனால்தான் சொல்கிறேன், ஊரில் கண்ணாடி வாங்குவதாக இருந்தால் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்கி வந்தால் இந்தத் திருத்தமெல்லாம் கிடைக்காது. அதே அளவில் இன்னொன்றும் செய்து வாங்கிக்கொண்டோம்.

இனி போட வைப்பது. நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து, சந்தோஷமாக இருக்கும்போது மட்டும் மாட்டினோம். முன்னாலிருந்து முகத்தை நோக்கிக் கண்ணாடியைக் கொண்டுவந்தால் தலையைத் திருப்புவாள். என் அம்மா அவளை மடியில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து மாட்டுவார், நான் எதிரில் உட்கார்ந்து கிலுகிலுப்பை ஆட்டுவேன். இழுத்துக் கழற்றினால் திட்டுவதில்லை, சிரிப்பதும் இல்லை. வாங்கி வைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து மறுபடி மாட்டுவோம். முதல் நாள் பத்துப் பதினைந்து நிமிடம் தாண்டவில்லை. நான்காம் நாள், கண்ணாடியோடு தூரத்துக் கொடியில் ஆடுகிற துணியை அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் இருப்பதை அப்படி உற்றுப் பார்த்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டாவது வாரத்துக்குப் பிறகு காலையில் மாட்டினால் தூங்கும்போதுதான் கழற்றினோம். நல்ல அளவில் இருந்தும் ஒரு குழந்தை ஏற்கவே மறுத்தால், கண்ணின் முறுக்கைச் சில நாள் தளர்த்தும் சொட்டு மருந்தை மருத்துவர்கள் கொடுப்பதுண்டு என்று டாக்டரம்மா சொன்னார். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

தூங்கும்போது கண்ணாடியும் நாடாவும் கட்டாயம் கழற்றப்பட வேண்டும். நாடா கழுத்துக்கு இறங்கிவிடக் கூடாது. இதை வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

பார்க்க வந்தவர்களில் சிலர் "இத்தனை சின்னக் குழந்தைக்கா?" என்று கண் கலங்கினார்கள். அன்போடுதான் கேட்டார்கள், ஆனாலும் முதல் சில நாள் எனக்குத் தொண்டை அடைத்தது. அப்புறம் பேச்சுக்குப் பதிலாக ஒன்று செய்தேன். கண்ணாடி இல்லாமல் அவள் கண்ணையும் கண்ணாடியோடு அவள் கண்ணையும் அடுத்தடுத்துக் காட்டினேன். திரும்பியிருந்த கண் தங்கள் முன்னாலேயே நேராக வருவதைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு "கண்ணாடி எங்கே, மாட்டிவிடு" என்று அவர்களே கேட்டார்கள்.

கிளம்பும்போது அந்தப் பெரியவர் எல்லா அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: கண்மணி தூரம், ஃப்ரேம் அளவு, கம்பி நீளம். குழந்தையின் முகம் வேகமாக வளரும் என்பதால் மாதம் ஒரு முறை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பிக்கொண்டிருக்கிறேன். போன மாதப் படத்துக்குப் பதில் வந்தது: "ஃப்ரேம் கன்னத்தில் தொடுகிறது, நெற்றிப்பொட்டில் அழுத்துகிறது. அங்கேயே அளவெடுக்கச் சொல்லுங்கள், அடுத்த லென்ஸ் அகலம் 34 ஆக இருக்கும்." நேற்று எடுத்தோம், 34தான்.