டியூன் தேவையில்லை என்று சொல்லி இன்டேக் விற்கும் கராஜ்கள்: டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் அருகிலுள்ள மார்க்கத்திலும் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் என்ற டர்போ காரை ஓட்டும் தமிழ் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் அதைக் கடனில் வாங்கி, மாதாமாதம் காப்புறுதியும் கட்டி ஓட்டுகிறார்கள். அவர்களில் யாராவது ‘கோல்ட் ஏர் இன்டேக்’, அதாவது எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் தொழிற்சாலைப் பெட்டிக்கும் குழாய்க்கும் பதிலாகப் போடும் பாகம், பொருத்த முன்பணம் கட்டப் போகிறார்கள் என்றால், அதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும். ஒரு கராஜ் என்னிடம் ஆயிரம் டொலருக்கு மேல் வாங்கிக்கொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை உடைந்துபோகக்கூடிய நிலையில் திருப்பித் தந்தது. கராஜின் பெயரை நான் எழுதவில்லை. என்னிடம் சொன்ன பொய்களை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவற்றையே வேறு கராஜ்களிலும் சொல்வதாக இப்போது நண்பர்கள் மூலம் அறிகிறேன்.

என்னுடையது 2020-ஆம் ஆண்டு கார். 2.0 லிற்றர் எஃப்ஏ20 எஞ்சின், தொழிற்சாலைக் கணக்கில் 268 குதிரைவலு. கராஜ் உரிமையாளர் நம்மவர். தம்பி என்று அழைத்தார், நானும் அண்ணா என்றேன். பெயர்பெற்ற நிறுவனத்தின் அசல் இன்டேக் என்றார். “இதற்கு டியூன் ஒன்றும் தேவையில்லை தம்பி, கழற்றி மாட்டினால் போதும்” என்றார். டியூன் என்பது புதிய பாகத்துக்கு ஏற்ப எஞ்சின் கணினியின் கணக்குகளை மாற்றி எழுதுவது. 15 முதல் 20 குதிரைவலு வரை கூடும், டைனோவில், அதாவது சக்கரங்களை உருளைகளின் மேல் ஓடவிட்டு வலுவை அளக்கும் இயந்திரத்தில், அளந்தே காட்டுகிறேன் என்றார். வாரன்டி போய்விடாதா என்று கேட்டதற்கு, வெளியார் பாகம் பொருத்தியதற்காக டீலர் வாரன்டியை மறுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்றார். பொருளுக்கு 520, பொருத்துவதற்கு 160, டைனோவுக்கு 220 டொலர்.

அவர் சொன்ன சட்டம் அமெரிக்காவில் 1975-இல் வந்த மாக்னஸன்-மாஸ் சட்டம். கனடாவில் அதற்கு அதிகாரம் இல்லை. இங்கே சுபாருவின் பவர்டிரெயின் (எஞ்சின், கியர்பெட்டி) வாரன்டி 5 ஆண்டு அல்லது 100,000 கிலோமீற்றர். மாற்றியமைத்த பாகத்தால் வந்த சேதம் என்று டீலர் முடிவு செய்தால், அந்த அமெரிக்கச் சட்டத்தைக் காட்டி யாரும் வாதாட முடியாது. ஒன்ராறியோவில் கராஜ் நடத்துபவருக்கு இது தெரியாமல் இருக்காது.

டியூன் தேவையில்லை என்ற பொய்தான் மிகவும் ஆபத்தானது. அதைப் புரிந்துகொள்ள இந்த எஞ்சின் காற்றை எப்படி அளக்கிறது என்று தெரிய வேண்டும். காற்று வடிகட்டியைத் தாண்டியவுடன் குழாயில் ஒரு சென்சர் செருகியிருக்கிறது. அதற்கு மாஃப் சென்சர் என்று பெயர். அதற்குள் சூடாக்கிய மெல்லிய கம்பி ஒன்று உண்டு. ஓடுகிற காற்று அதைக் குளிரவைக்கும். எவ்வளவு குளிர்கிறதோ அதை வைத்து, எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று கணினி கணக்கிடும். கம்பி அளப்பதோ தன்னைத் தொட்டுப் போகும் காற்றை மட்டும். முழுக் குழாயிலும் எவ்வளவு போகிறது என்பது, தொழிற்சாலைக் குழாயின் விட்டத்துக்கு ஏற்பத் தயாரித்த ஓர் அட்டவணையிலிருந்து வருகிறது. ஆகவே அந்தக் குழாய் வெறும் குழாய் அல்ல, அளக்கும் கருவியின் ஒரு பகுதி.

வாய்க்காலை அகலமாக்கினால் அதே தண்ணீர் மெதுவாக ஓடும் அல்லவா, குழாயிலும் அதுதான் நடக்கிறது. கணக்குக்காக, 70 மில்லிமீற்றர் உள்விட்டத்தை 76 ஆக்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகிறது. அதே அளவு காற்று சென்சரை முன்னைவிட 15 சதவீதம் மெதுவாகக் கடக்கிறது. கணினியோ காற்று குறைந்துவிட்டது என்று நினைத்து பெற்றோலையும் குறைக்கிறது. எஞ்சினுக்குச் சுமை குறைவு என்றும் நினைப்பதால், தீப்பொறியை இன்னும் முன்கூட்டியே வைக்கிறது. மெலிந்த கலவையும் முந்திய தீப்பொறியும் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) தரும் அழுத்தத்தோடு சேர்ந்தால் ‘நொக்’ வரும், அதாவது கலவை தானாகவே வெடிக்கும். சுபாருவின் பழைய 2.5 லிற்றர் ஈஜே எஞ்சின்களில் பிஸ்டன் வளையங்களுக்கு இடையிலுள்ள விளிம்பு உடைவது எல்லோருக்கும் தெரிந்த குறை. நொக் அதற்கு ஒரு முக்கிய காரணம்.

மெதுவாக ஓட்டும்போது இந்தப் பிழை வெளியே தெரியாது. எக்ஸோஸ்ட்டில் உள்ள சென்சர் கலவையைப் பார்த்து, குறைகிற பெற்றோலைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். பெடலை முழுதாக மிதிக்கும்போது அந்த உடனடித் திருத்தம் நிற்கிறது, எஞ்சின் அட்டவணையை நம்பியே ஓடுகிறது. எந்த நேரத்தில் பெற்றோல் குறையவே கூடாதோ அந்த நேரத்தில்தான் பாதுகாப்பு இல்லை. இதைத் தெரிந்துகொண்டே டியூன் தேவையில்லை என்று ஒருவர் விற்றால், அது கவனக்குறைவு அல்ல, மோசடி.

தொழிற்சாலை விட்டத்தையே மாற்றாமல் தயாரிக்கும் இன்டேக்குகளும் சந்தையில் உண்டு, அவற்றை இதோடு சேர்க்கக் கூடாது. ஆனால் எனக்கு விற்றது அப்படிப்பட்டது அல்ல. விற்றதாகச் சொன்ன நிறுவனத்தின் தயாரிப்பும் அல்ல. பிறகு அதைக் கழற்றிப் பார்த்தபோது, பெயர் வெறும் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. வெந்நீர் பட்டதும் உரிந்து வந்தது. சென்சருக்கு முன்னால் காற்றைச் சீராக்கும் தேன்கூட்டு வலை இல்லை. வடிகட்டியில் அளவுக்கு மீறி எண்ணெய் தடவியிருந்தார்கள், அது சென்சர் கம்பியில் படிந்திருந்தது. அசல் நிறுவனமோ தன் பொருளை டியூன் இல்லாமல் பயன்படுத்த வேண்டாம் என்று தன் பொருத்தும் குறிப்பிலேயே எழுதுகிறது. பெட்டியில் அந்தக் காகிதம் இல்லாமல் போனதன் காரணம் இப்போது விளங்குகிறது.

அடுத்தது டைனோ தாள். மாற்றுவதற்கு முன் சக்கரத்தில் (எஞ்சினின் கணக்கைவிட இது குறைவாகவே வரும்) 226, மாற்றிய பின் 243, ஆக 17 குதிரைவலு லாபம் என்று சுவரில் மாட்டும் சான்றிதழ் போல அச்சிட்டுத் தந்தார். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த நண்பர் ஒருவர், மூலையில் இருந்த சிறிய எழுத்துகளைக் காட்டினார். முதல் தாளில் திருத்தக் காரணி எஸ்ஏஈ. இரண்டாவதில் எஸ்டிடி. அன்றைய வெப்பநிலைக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப எண்களைச் சரிசெய்யும் இரண்டு வெவ்வேறு முறைகள் இவை. ஒரே ஓட்டத்தையே எஸ்டிடியில் போட்டால் எஸ்ஏஈயைவிட சுமார் 4 சதவீதம் கூடக் காட்டும். 226-இல் 4 சதவீதம் என்றால் 9 குதிரைவலு. காட்டிய லாபத்தில் பாதிக்கு மேல், ஒரு மெனுவில் ஒரு தெரிவை மாற்றியதால் வந்தது.

மீதியும் அப்படித்தான். இந்தக் காரில், டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் எஞ்சினின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, பொனட்டில் உள்ள திறப்பு வழியாகத்தான் அதற்குக் காற்று வரும். நெடுஞ்சாலையில் ஓட்டி வந்த சூட்டோடு, பொனட்டை மூடி முதல் ஓட்டத்தை எடுத்தார்கள். பொருத்தி முடித்து, கார் நன்றாக ஆறிய பிறகு, பொனட்டைத் திறந்து பெரிய மின்விசிறியை அதன் மேல் திருப்பி இரண்டாவதை எடுத்தார்கள். இதற்கு மேல் இன்னொரு கொடுமையும் உண்டு. முழு வேகத்தில் எஞ்சின் சூடேறாமல் இருப்பதற்காகத் தொழிற்சாலை வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் பெற்றோல் விடுகிறது. அதைக் குறைத்தால் சிறிது நேரத்துக்கு வலு கூடுவது போலத் தெரியும். எஞ்சினின் பாதுகாப்பை எடுத்து எனக்கே லாபம் என்று விற்றிருக்கிறார்கள்.

இத்தனைக்கும், நேர்மையாகச் செய்தாலும் இந்த மாற்றத்தில் கிடைப்பது குறைவு. டர்போ இல்லாத எஞ்சினில் வடிகட்டிப் பெட்டியால் வரும் இழப்பு நேராக வலுவில் தெரியும். டர்போ எஞ்சினில் கணினிக்கு ஓர் அழுத்த இலக்கு இருக்கிறது, அதை அடையும் வரை டர்போவைச் சுழற்றும். வெளிக்காற்று 100 கிலோபாஸ்கல் என்று எடுத்துக்கொள்வோம். பெட்டி வழியாக வரும்போது 2 இழக்கிறது என்றாலும், இலக்கான 210-ஐ எட்ட டர்போ 2.10 மடங்குக்குப் பதிலாக 2.14 மடங்கு அழுத்த வேண்டும், அவ்வளவுதான். தொழிற்சாலைப் பெட்டி ரேடியேட்டருக்கு மேலே, முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. எஞ்சின் அறைக்குள் திறந்த கூம்பு வடிகட்டி வைத்தால் கிடைப்பது சூடான காற்று. பெரிய டர்போ, எத்தனோல் பெற்றோல், முழு டியூன் என்று போகிறவர்களுக்கு இன்டேக் தேவைப்படலாம். தொழிற்சாலை நிலையில் உள்ள காரில் உண்மையாகக் கூடுவது சத்தம். டர்போவின் விசில், பெடலை விடும்போது வரும் காற்றுச் சீறல். அந்தச் சத்தம் பிடித்திருந்தால் அதற்காக வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதற்கு வலு என்று விலை போடக் கூடாது.

கொஞ்ச நாளிலேயே குளிர்ந்த காலைகளில் எஞ்சின் தடுமாறியது, சிக்னலில் நிற்கும்போது அணைந்தது. பிறகு எஞ்சின் விளக்கு எரிந்தது. கராஜில் குறியீட்டை அழித்துவிட்டு, எல்லாம் சரி என்றார்கள். ‘பரிசோதனைக் கட்டணம்’ என்று 130 டொலர் வாங்கினார்கள். விளக்கு மறுபடியும் எரிந்தபோது உரிமையாளரின் பேச்சு மாறியிருந்தது. இந்தக் காருக்கு டியூன் போட்டே ஆக வேண்டும், 850 டொலர் ஆகும், உங்களுக்காக 800-க்குச் செய்து தருகிறேன் என்றார். டியூன் தேவையில்லை என்று சொன்னதும் இதே வாய்தான். நான் தொழிற்சாலைப் பெட்டியைத் திரும்ப மாட்டச் சொன்னேன். அது குப்பையில் போய்விட்டது என்று பதில் வந்தது.

காரை வேறொரு சுபாரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பி0171, அதாவது கலவை மெலிவு என்ற குறியீடு சேமிப்பில் இருந்தது. நீண்டகால எரிபொருள் திருத்தம், அதாவது குறையை ஈடுகட்டக் கணினி கூடுதலாகச் சேர்க்கும் பெற்றோல், 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நொக் வந்தால் கணினி தன் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளும் ஓர் எண் சுபாருவில் உண்டு, டிஏஎம் என்பார்கள். நலமான எஞ்சினில் அது 1. என் காரில் 1-க்குக் கீழே இறங்கியிருந்தது. அந்த மெக்கானிக் அண்ணா திரையை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எண்ணையும் பொறுமையாக விளக்கினார். அவர் எனக்கு எதையும் விற்கவில்லை. பழைய வாகன உதிரிக் கடையில் அசல் பெட்டி ஒன்றைத் தேடி வாங்கி, சென்சரைச் சுத்தம் செய்து பொருத்தினார். திருத்த எண்கள் இறங்கின, டிஏஎம் 1-க்குத் திரும்பியது. எஞ்சின் தப்பியது.

பணத்துக்கு வருகிறேன். ஒன்ராறியோவின் 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாகனத் திருத்த வேலைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நம்மவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். இறுதிப் பில் அந்த மதிப்பீட்டை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டக் கூடாது. மதிப்பீட்டுக்குக் கட்டணம் உண்டென்றால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கழற்றிய பாகங்களை, வேண்டாம் என்று நாம் முன்பே சொல்லாவிட்டால், திருப்பித் தர வேண்டும். போட்ட புதிய பாகத்துக்கும் அதற்கான வேலைக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் வாரன்டி உண்டு. என் விடயத்தில் பரிசோதனைக் கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை, பெட்டியைத் திருப்பித் தரவில்லை, பழுது வாரன்டிக் காலத்துக்குள் வந்தது.

இவற்றைக் குறிப்பிட்டு, மெக்கானிக் தந்த அறிக்கையையும் இரண்டு டைனோ தாள்களின் படங்களையும் இணைத்துக் கடிதம் அனுப்பினேன். பொருத்திய கூலியும் பரிசோதனைக் கட்டணமும் திரும்பி வந்தன. பொருளுக்கும் டைனோவுக்கும் கொடுத்த 740 டொலர் வரவில்லை. கடன் அட்டையில் கட்டிய பகுதிக்கு வங்கியில் தகராறு பதிந்திருக்கிறேன். மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் முறைப்பாடு போயிருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் வரியைக் குறைக்கலாம் என்று அவர் சொன்னபோது அட்டையிலேயே கட்டியதால்தான் இன்று கையில் ஆதாரம் இருக்கிறது.

இப்படி ஒரு இன்டேக் ஏற்கெனவே உங்கள் காரில் இருந்தால், டியூன் போட்ட கார்தானா என்று உறுதியாகத் தெரியும் வரை பெடலை முழுதாக மிதிக்காதீர்கள். எஞ்சின் விளக்கு எரியாதது நலம் என்பதற்கு அடையாளம் அல்ல. எரிபொருள் திருத்த எண்களையும் டிஏஎம்மையும் யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். பழைய கார் வாங்குகிறவர்களும் பொனட்டைத் திறந்து இதைப் பார்க்க வேண்டும், முன்னைய உரிமையாளர் டியூனை அழித்துவிட்டுக் குழாயை மட்டும் விட்டுப் போயிருக்கலாம். புதிதாகப் பொருத்தப் போகிறவர்கள், சென்சர் இருக்கும் இடத்தில் குழாயின் உள்விட்டம் என்ன, தொழிற்சாலை விட்டம் என்ன என்று கராஜிடம் கேளுங்கள். இரண்டையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். டைனோவுக்குப் போனால் ஒரே திருத்தக் காரணி, ஒரே கியர், பொனட் ஒரே நிலை, ஒரே அளவு ஆறும் நேரம், குறைந்தது மூன்று ஓட்டங்கள் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவியுங்கள். கழற்றிய பெட்டியை அன்றைக்கே, சென்சரின் திருகாணிகளோடு, காரின் பின்பெட்டியில் வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள்.