பெயர் ஒன்று, டயர் வேறு: கிராவல் சைக்கிளுக்கு டயர் வாங்குவோர் கவனத்துக்கு

சென்னையில் கிராவல் சைக்கிளுக்கு (தார்ச் சாலையிலும் மண்பாதையிலும் ஓட்டும் ரகம்) டயர் வாங்கப் போகிறவர்கள், அதிலும் கடையிலேயே மாட்டித் தரச் சொல்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போகவும். டியூப்லெஸ் டயர் இரண்டு கேட்டு ரூ. 8,400 கொடுத்தேன். முன் சக்கரத்தில் நான் கேட்டதையே மாட்டினார்கள். பின் சக்கரத்தில் அதே நிறுவனத்தின் அதே பெயர் கொண்ட, ஆனால் பாதி விலைகூடப் பெறாத, டியூப் போட்டு ஓட்ட வேண்டிய டயரை மாட்டினார்கள். அதற்குள் சீலன்ட் (துளைகளை அடைக்கும் திரவம்) ஊற்றி, டியூப்லெஸ் ஆக்கிய கூலி என்று தனியாக ரூ. 1,500 வாங்கிக்கொண்டார்கள். மூட்டை முடிச்சுகளோடு ஜவ்வாது மலையில் போய்க்கொண்டிருந்தபோது அந்த டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. முழங்கை சிராய்ப்போடு போயிற்று. இறக்கத்தில் வேகமாக வந்துகொண்டிருந்தால் இந்தப் பதிவை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

நான் கேட்டது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 45 மி.மீ. அகலம், டியூப்லெஸ், பக்கச் சுவர் தடித்த ரகம். பகட்டுக்காகக் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் தார்ச் சாலையை விட்டு இறங்கிய எவருக்கும் சீமைக் கருவேல முள்ளைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏரிக்கரையில் ஒரு காலை ஓட்டினால் டியூபில் ஒட்டுப் போட இடம் இருக்காது. டியூப்லெஸ் டயரில் முள் குத்தினால் உள்ளே இருக்கும் சீலன்ட் அந்தத் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். காற்றைக் குறைத்தும் ஓட்டலாம்; டியூப் இல்லாததால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழியும் தொல்லை இல்லை. பக்கச் சுவர் ஏன் தடிமனாக வேண்டும் என்றால், மலைப் பாதைகளில் உடைந்து கிடக்கும் கூர்ங்கற்கள் டயரைக் கீழிருந்து குத்துவதைவிடப் பக்கவாட்டில் அறுப்பதுதான் அதிகம். அறுந்த பக்கச் சுவரைச் சீலன்ட் அடைக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர்களில் எந்தச் சைக்கிள் கடையிலும் 28 அங்குல டயர் கிடைக்கும். அது பழைய கறுப்புச் சைக்கிளுக்கானது. டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 635 மி.மீ. 26 அங்குல மலைச் சைக்கிள் டயரும் கிடைக்கும், அதற்கு 559. கிராவல் சைக்கிளின் '700' என்ற அளவு டயருக்கோ 622. இவற்றில் ஒன்று மற்றொன்றில் ஏறாது. ஆகவே மலைக் கிராமத்தில் டயர் கிழிந்தால் மாற்று டயர் கிடைக்காது, பஸ் பிடித்து ஊர் திரும்ப வேண்டியதுதான். அதனால்தான் விலை அதிகமானாலும் நல்லதாகக் கொடுங்கள் என்று கேட்டேன். கேட்ட வாடிக்கையாளருக்கு நடந்தது இது.

ஏமாற்றின் சூட்சுமம் எளியது. பல டயர் நிறுவனங்கள் ஒரே பெயரில், தரையைப் பிடிக்கும் ரப்பர் முண்டுகளின் ஒரே பட்டன் அமைப்பில், இரண்டு தரத்தில் டயர் செய்கின்றன. விலை கூடிய ரகத்தில், டயர் ரிம்மைப் பற்றும் விளிம்புக்குள் அராமிட் என்ற வலுவான செயற்கை நார் இருக்கும்; மடித்துச் சிறு பெட்டியில் வைத்துவிடலாம்; விளிம்பு ரிம்மின் படியில் இறுகி உட்காரும்படி அளவு பார்த்துச் செய்திருப்பார்கள்; பக்கச் சுவரில் காற்றுக் கசியாது. விலை குறைந்த ரகத்தில் விளிம்புக்குள் இரும்புக் கம்பி. டியூப்தான் காற்றைப் பிடிக்கப் போகிறது என்பதால் பக்கச் சுவரைக் காற்றுப் புகாமல் செய்யும் அக்கறை அதில் இருக்காது. கம்பி வைத்த டயர் மட்டமானது என்று சொல்லவில்லை. டியூப் போட்டு ஓட்டினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். டியூப் இல்லாமல் அதை ஓட்டச் சொல்வதுதான் அயோக்கியத்தனம். ரிம்மில் மாட்டிக் காற்றடித்து நிறுத்திவிட்டால் விளிம்பு கண்ணில் படாது. தரையைத் தொடும் பட்டன்களைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கவும் முடியாது.

வண்டியை எடுக்கப் போனபோது இரண்டு சக்கரத்திலும் காற்று கல் மாதிரி இருந்தது. அழுத்தமானி வைத்துப் பார்த்தேன்: பின் சக்கரத்தில் 65 பி.எஸ்.ஐ. என்னையும் மூட்டையையும் சேர்த்தாலும் 45 மி.மீ. டயருக்கு 35 முதல் 40 வரை போதும். ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, "சீலன்ட் பரவுவதற்காக சார், நீங்கள் வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள்" என்றார் மெக்கானிக். டயர் வந்த பெட்டியைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள்.

மறுநாள் காலையில் பின் சக்கரம் தரையோடு படுத்திருந்தது. பக்கச் சுவர் முழுக்கச் சீலன்ட் கசிந்த ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள். தொலைபேசியில் கேட்டபோது கடைக்காரர், "புது டயர் அப்படித்தான் சார் கசியும். இரண்டு நாள் ஓட்டுங்கள், சீலன்ட் அடைத்துவிடும்" என்றார். இந்தப் பதிலின் கெட்டிக்காரத்தனத்தைக் கவனியுங்கள். புது டியூப்லெஸ் டயர் முதல் ஓரிரு நாள் சற்றுக் கசிவது உண்மைதான். அந்த உண்மையைப் போர்த்திக்கொண்டு பொய் உள்ளே உட்கார்ந்திருந்தது. ஓட்டியபின் கசிவு குறையவும் செய்தது.

போளூரிலிருந்து ஏறி ஜமுனாமரத்தூர், அங்கிருந்து காவலூர் வான் ஆய்வகம், பிறகு ஆலங்காயம் வழியாகக் கீழே இறங்குவது எங்கள் திட்டம். ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு மண்பாதையில் திரும்பினோம். வளைவில் உடலைச் சாய்த்தபோது பின்னால் 'பொளக்' என்று ஒரு சத்தம். விளிம்பு ஒரு பக்கமாகக் கழன்று, சீலன்ட் என் கெண்டைக்காலில் பீய்ச்சியடித்தது. வண்டி வழுக்கிச் சாய்ந்தது. எழுந்து பார்த்தால், வெறும் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கிய பக்கச் சுவரில் கட்டைவிரல் நகம் அளவு கிழிசல். கைவசம் இருந்த டியூபைப் போட்டேன். காற்றடித்ததும் அது கிழிசல் வழியே பிதுங்கியது. சாமை மூட்டை ஏற்றி வந்த ஒரு மினி லாரிக்காரர் இரக்கப்பட்டு எங்களைத் திரும்ப ஜமுனாமரத்தூரில் இறக்கிவிட்டார்.

அங்கே ஒரு பஞ்சர் கடைப் பெரியவர். எண்ணெய்ப் பிசுக்கேறிய பலகையில் பால்ரஸ்கள் சிதறாமல் இருக்க, உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த வட்டக் காந்தம் ஒன்றை வைத்திருந்தார். அதைச் சுற்றிலும் எஃகுக் குண்டுகள் அப்பிக்கொண்டிருந்தன. டியூப்லெஸ் டயரை அவர் அதிகம் பார்த்ததில்லை. கழற்றிய டயரை மடியில் போட்டு, விளிம்பை விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு அதைப் பலகைக்கு அருகே கொண்டுபோனார். காந்தம் குண்டுகளோடு சேர்ந்து 'டக்' என்று விளிம்பில் போய் ஒட்டியது.

"இது கம்பி டயர் சார். முன்னாடி இருப்பதையும் கழற்றட்டுமா?" என்றார். கழற்றத் தேவைப்படவில்லை. முன் சக்கரத்தின் காற்றை இறக்கி விளிம்பை ரிம்மிலிருந்து நகர்த்திக் காந்தம் வைத்தோம். ஒட்டவில்லை.

அதன் பிறகுதான் பின் டயரின் பக்கச் சுவரை ஈரத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தோம். '700 × 45' என்று ஒரு ஸ்டிக்கர் அழகாக ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தை நகத்தால் பெயர்த்தால், ரப்பரிலேயே வார்த்த எழுத்தில் '40-622', அதாவது அகலம் 40 மி.மீ. மட்டுமே. டியூப்லெஸ் என்ற முத்திரை டயரில் எங்குமே இல்லை. டயருக்குள் தேங்கியிருந்த கொஞ்சம் சீலன்ட் நீர்மோர் பதத்தில் இருந்தது, தண்ணீர் கலந்திருந்தார்கள். ரிம்மின் ஸ்போக்ஸ் துளைகளை மூடுவதற்கென்று தனி டேப் உண்டு. அதற்குப் பதிலாகச் சுற்றியிருந்தது வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் கறுப்பு இன்சுலேஷன் டேப். பசை இளகி, இரண்டு துளைகள் திறந்தே கிடந்தன.

பெரியவர் பழைய டயரிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஓரங்களைச் சீவி, கிழிசலுக்கு உட்புறமாக வைத்து, டியூப் போட்டுக் காற்றடித்துக் கொடுத்தார். கேட்டது நாற்பது ரூபாய். ஆய்வகத்தைப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, வந்த வழியே மெதுவாகப் போளூருக்கு இறங்கினோம். அந்த ஒட்டு சென்னை வரை தாங்கியது.

கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பலருக்கும் இதே பதில்கள்தான் கிடைக்கும். முதலில், "இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் சார்" என்றார் உரிமையாளர். வார்த்த எண்ணைக் காட்டியதும், "45 போட்டால் உங்கள் ஃபிரேமில் உரசும். உங்கள் நல்லதுக்குத்தான் 40 போட்டோம்" என்றார். என் ஃபிரேம் 45 வரை தாங்கும் என்று தயாரிப்பாளரின் கையேட்டிலேயே இருக்கிறது. அப்படியே நல்லெண்ணம் என்றாலும், 45-க்கு ஏன் காசு வாங்கினீர்கள், ஸ்டிக்கரை யார் ஒட்டியது என்று கேட்டேன். ரிம் குறுகலாக இருந்தால் டயர் குறுகித் தெரியும் என்று ஒரு விளக்கம் வந்தது. குறுகிய ரிம்மில் ஓரிரு மி.மீ. குறையலாம், ரப்பரில் வார்த்த எண் மாறாது. கடைசியில் சுவரைக் காட்டினார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.'

அந்தப் பலகைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படியே. எனக்குக் கொடுத்த பில்லில் 'டயர் 2, கூலி' என்று மட்டும் எழுதியிருந்தது. ஆனால் வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் அவர்களே அனுப்பிய விலைக் குறிப்பில் அகலம், டியூப்லெஸ் என்பது, விலை எல்லாமே இருந்தன. அதையும் படங்களையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். கடையிலிருந்து அழைப்பு வந்தது. முதலில் அதே தொகைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்தேன். பின் டயரின் விலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூலியையும் சீலன்ட் காசையும் கொடுக்க மறுக்கிறார்கள். ரூ. 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால் அதையும் விடுவதாக இல்லை.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு வேறு ஒரு தொல்லை இருக்கிறது. கம்பி டயரைச் சிறு பெட்டிக்குள் திணிக்க முறுக்கிச் சுருட்டி அனுப்புகிறார்கள். கம்பி ஓரிடத்தில் மடங்கிவிட்டால் டயர் ரிம்மில் கோணலாகத்தான் உட்காரும். பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். இணைய விற்பனைத் தளங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

கடையில் வாங்குகிறவர்கள் டயரை மாட்டுவதற்கு முன் கையில் வாங்கிப் பாருங்கள். பெட்டியில் அல்லது அட்டையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை இருக்க வேண்டும். கார் டயரில் இருப்பதுபோல் தயாரித்த வாரத்தைச் சொல்லும் எண்ணைச் சைக்கிள் டயரில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே பக்கச் சுவரை விரலால் மடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் பழைய சரக்கு. 45-622 போன்ற வார்த்த எண்ணை, ஸ்டிக்கர் எண்ணை அல்ல, பில்லில் எழுதச் சொல்லுங்கள். சீலன்ட் புட்டியின் மூடியை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். இந்த அகலத்துக்கு ஒரு சக்கரத்துக்கு 60 முதல் 90 மி.லி. வரை தேவைப்படும். நம் வெயிலில் அது சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால் மறுபடி ஊற்றும் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டயரைப் பிடித்துக்கொள்ள உள்நோக்கி வளைந்த கொக்கி விளிம்பில் இல்லாத ரிம் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் தீவிரமான விஷயம். அந்த ரிம்மில் டியூப் போட்டாலும்கூட டியூப்லெஸ் டயர் மட்டுமே மாட்டலாம். சாதாரண டயர் எந்த நேரமும் கழன்று பறக்கும். என் ரிம்மில் கொக்கி இருந்தது. அப்படியிருந்தும் இந்தக் கதி.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கு போட இருக்கிறேன். அண்மையில் சென்னையில் டியூப்லெஸ் டயர் மாட்டி வாங்கியவர்கள் யாராக இருந்தாலும் பின் சக்கரத்தின் காற்றை இறக்கி, விளிம்பில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால், டயரை ரிம்மிலிருந்து கழற்றுவதற்கு முன் பக்கச் சுவரையும் ஸ்டிக்கரையும் படம் எடுத்துக்கொண்டு, வாங்கிய 30 நாளுக்குள் பில்லோடு கடைக்குப் போங்கள்.