மணப்பாடு திருச்சிலுவைக் கோவில்: கால் மணி நேரம் போதாது

திருச்செந்தூரிலிருந்து உவரி போகிற சுற்றுலா வேன்கள் வழியில் மணப்பாட்டில் கால் மணி நேரம் நிற்கும். இறங்குவார்கள், கடலைப் பின்னால் வைத்து ஒரு படம் எடுப்பார்கள், ஏறிவிடுவார்கள். முத்துக்குளித்துறை என்கிற இந்தக் கடற்கரையின் கோவில்களில் எனக்கு ரொம்பப் பிடித்த கோவிலை இப்படி அவசரமாகப் பார்த்துவிட்டுப் போவதைக் கண்டால் மனசு பொறுக்காது. ஒரு மாலைப் பொழுதை முழுசாக ஒதுக்க வேண்டிய இடம் இது.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். குலசேகரன்பட்டினம் தாண்டி ஊருக்குள் திரும்பினால், கொழும்பு வியாபாரத்தில் செழித்த பரதவக் குடும்பங்கள் கட்டிய மாளிகை வீடுகள் வரிசையாக நிற்கும். பல வீடுகளில் பூட்டுத்தான் தொங்குகிறது. ஊர் முடிகிற இடத்தில் கடலை ஒட்டி ஒரு மணல் மேடு. அதன்மேல் கோவில், பக்கத்திலேயே கலங்கரை விளக்கம்.

கோவில் கட்டியது 1581இல் என்று சொல்கிறார்கள். அதற்கு முன்பே அங்கே ஒரு சிலுவை இருந்ததாம். புயலில் சிக்கிக் கரை சேர்ந்த போர்ச்சுகீசியக் கப்பலின் பாய்மரத்தில் செய்து நட்டது என்பது ஊர் வழக்கு. உள்ளே போனதும் எதுவும் கண்ணைப் பறிக்காது. தூத்துக்குடி பனிமய மாதா கோவிலின் பீடத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது வெறுமையாகத் தோன்றலாம். எனக்கு அந்த வெறுமைதான் வேண்டியிருக்கிறது. ஜன்னல் வழியாகக் கடற்காற்று வந்துகொண்டே இருக்கும், பெஞ்சில் கை வைத்தால் உப்புப் பிசுபிசுக்கும்.

கோவிலோடு திரும்பிவிடாதீர்கள். கடல் பக்கமாகக் கீழே இறங்கினால் சவேரியார் கெபி. 1542இல் மதபோதகராக இந்தக் கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்த குகை அது. அவருக்கு முன்னால் ஒரு சைவத் துறவி அங்கே வாழ்ந்தார் என்பதையும் அங்குள்ள கல்வெட்டு மறைக்காமல் சொல்கிறது. அந்த ஒரு வரிக்காகவே அதை எழுதி வைத்தவர்கள்மேல் எனக்கு மரியாதை. சவேரியார் தமிழ் தெரியாமல் வந்த மனிதர், இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களை உட்காரவைத்து விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம் என்கிற ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்தார். அப்புறம் கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர் எழுதிய கடிதங்களிலேயே இதெல்லாம் இருக்கிறது.

கெபிக்குள் கூரை தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும். உள்ளே ஒரு சின்னக் கிணறு. அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் இருந்தும் தண்ணீர் கரிக்காது. முழங்கால் வலியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிய மாமியார், ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, “உப்பே இல்லயேம்மா” என்று இன்னொரு கை அள்ளினார். வயதானவர்களைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம், ஆனால் கூட ஒரு ஆள் இருக்க வேண்டும்.

கீழே ஊருக்குள் பரிசுத்த ஆவி கோவிலும் யாகப்பர் கோவிலும் இருக்கின்றன. நேரம் இருந்தால் அவற்றையும் பாருங்கள். உவரி அந்தோணியார் கோவிலுக்குப் போகிறவர்கள் நேர்ச்சையோடு போகிறவர்கள், அது வேறு விதமான பயணம். உயரமும் பிரமாண்டமும்தான் வேண்டுமென்றால் கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா கோவில் இருக்கிறது.

இந்தக் கரையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒரு பழைய கோவிலில், முகப்பை மறைத்துத் தகரக் கொட்டகை போட்டு, தேய்ந்து வழுவழுப்பான பழைய தரையின்மேல் பளபளக்கும் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். மழைக்கும் வெயிலுக்கும் பந்தல் வேண்டும் என்பது புரிகிறது, அதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம். தலைமுறை தலைமுறையாக முழந்தாளிட்ட தரையைத் திரும்ப யாரால் கொண்டுவர முடியும்? மணப்பாட்டில் அப்படி எதுவும் நடந்துவிடக் கூடாது.

எப்போது போகலாம்? மதிய வெயிலில் வேண்டாம், மணல் கொதிக்கும், மேட்டில் ஒதுங்க நிழலும் குறைவு. நான்கு மணிக்கு மேல் போனால் வெயில் தாழும்வரை உட்காரலாம். செப்டம்பரில் திருவிழா, 14ஆம் தேதி பெருநாள். வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லாம் திரும்பி வந்து, பூட்டிய வீடுகள் திறக்கும். ஊரை உயிரோடு பார்க்க அந்த நாட்கள், அமைதி வேண்டுமென்றால் மற்ற மாதங்கள். பூசை நடந்துகொண்டிருந்தால் கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள். இது ஊர் மக்கள் ஜெபிக்க வருகிற கோவில்.

மேட்டில் சாப்பாட்டுக் கடையை நம்பிப் போக வேண்டாம், தண்ணீரும் கையில் இருக்கட்டும். மணப்பாட்டுப் பெண்கள் பனை ஓலையில் பின்னும் பெட்டிகள் பேர்போனவை. சாயம் போட்ட சின்னப் பெட்டியைவிட, சாயம் போடாத மூடி வைத்த பெட்டி நீண்ட நாள் உழைக்கிறது. திரும்பும்போது உடன்குடி வழியாக வந்தால், அந்தப் பெட்டி நிறையக் கருப்பட்டி வாங்கிக்கொள்ளலாம்.