எலி விந்தக ஸ்லைடு செட்: வாங்கலாம், ஆனால் 15 நாள் ஸ்லைடைச் சோதித்துவிடுங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வீட்டு மாடியில் விலங்கியல் டியூஷன் எடுக்கிறேன். விந்துசெல்லாக்கத்தை, அதாவது விந்தணு உண்டாவதை, ஹார்மோன்கள் எப்படி நடத்துகின்றன என்ற பாடம் வந்தாலே மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து கீழே அம்புக்குறி போட்டுப் போட்டு எனக்கே சலித்துவிட்டது, அதனால்தான் ஆன்லைனில் இந்த செட்டை வாங்கினேன். 7, 15, 28, 45, 70 நாள் எலிகளின் விந்தகக் குறுக்குவெட்டு, மொத்தம் ஐந்து ஸ்லைடு, 1,850 ரூபாய்.

7 நாள் ஸ்லைடு ஒன்றுக்கே பாதிக் காசு கொடுக்கலாம். விந்தணு உண்டாகும் நுண்குழலுக்குள் துளையே இல்லை, விந்தணுவாகப் போகிற செல்களைத் தாங்கி ஊட்டும் செர்டோலி செல்கள் இன்னும் பெருகுகிற வயது, பெருகச் சொல்வது பிட்யூட்டரியின் எஃப்எஸ்எச் ஹார்மோன். மூன்றாவது வாரத்தோடு அந்தப் பெருக்கம் நின்றுவிடும், அதற்குள் எத்தனை செர்டோலி சேர்ந்ததோ அதை வைத்துத்தான் பெரிய எலியானதும் எவ்வளவு விந்தணு உண்டாகும் என்பது. 28-இல் உருண்டையான ஸ்பெர்மாட்டிடுகள் (வால் முளைக்காத, விந்தணுவாக மாறப்போகிற செல்கள்), 45-இல் முதல் விந்தணுக்கள். குழல்களுக்கு நடுவே லீடிக் செல்கள், பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எல்எச் தூண்டினால் டெஸ்டோஸ்டீரோன் சுரப்பவை. ஆனால் விந்தணுவாகப் போகிற செல்லுக்கு அந்த டெஸ்டோஸ்டீரோனை வாங்கிக்கொள்ள ஏற்பி கிடையாது, எல்லாம் செர்டோலி வழியாகத்தான் என்றதும் ஒரு பையன், "அப்ப கரையில நிக்கிற மீன் ஏலக்காரர் மாதிரியா சார்?" என்றான். என் அம்புக்குறிக்கு இது எவ்வளவோ மேல்.

சரி, குறைக்கு வருகிறேன். 15 நாள் என்று ஒட்டியிருந்த ஸ்லைடில் வாலோடு விந்தணு! அந்த வயதில் எலிக்கு மியாசிஸே (குரோமோசோம் பாதியாகிற செல்பிரிவு) இப்போதுதான் தொடங்கியிருக்கும், வால் எங்கிருந்து வரும்? விற்பவரைக் கூப்பிட்டால் "ரெண்டும் எலிதானே சார்" என்கிறார். போட்டோ அனுப்பிச் சண்டை போட்ட பிறகு 11 நாளில் மாற்றி அனுப்பினார், அது சரியாக இருக்கிறது.

கூட வரும் கையேட்டை நம்பாதீர்கள். எஃப்எஸ்எச் இல்லாவிட்டால் எலியினத்தில் விந்தணுவே உண்டாகாது என்று போட்டிருக்கிறது. 1997-இலேயே எஃப்எஸ்எச் உண்டாகத் தேவையான எஃப்எஸ்எச் பீட்டா மரபணுவை நீக்கிய ஆண் சுண்டெலிகளுக்கு விந்தகம் சிறுத்தது, ஆனால் குட்டி பிறந்தது. சிவப்பு மையில் அடித்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கொடுத்தேன்.

அப்புறம், எங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்கு அவர்கள் தரும் அட்டைப்பெட்டி தாங்காது, ஐப்பசி மழையில் ஓரமெல்லாம் பூஞ்சை. இப்போது பால்பவுடர் டின்னில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருக்கிறேன்.